இழுத்துப் பிடித்த வார்

சவரக்கடைக்குப் போனால் நான் நாற்காலியைப் பார்ப்பதில்லை, கண்ணாடியையும் பார்ப்பதில்லை. கத்தி தீட்டும் தோல்வாரைத்தான் பார்ப்பேன். தொய்ந்துபோன வாரில் எவனாவது கத்தியைத் தேய்த்தால் துண்டை உதறிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். பதுளைக் கடைவீதியில் எனக்கு 'வாரு பாக்குற கிழவன்' என்று பெயர். வைத்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன. என் இடது தாடையில், காதுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. அங்கே இன்றுவரை மயிர் முளைப்பதில்லை. அதைத் தடவும்போதெல்லாம் ஒரு பெண்பிள்ளையின் ஞாபகம் வரும். அவளைப் பற்றித் தோட்டத்தில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். அத்தனையும் பொய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பதுளைக்கு இன்னும் ரயில் வந்து சேராத காலம். தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் எனக்கு வேலை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் நானும் அம்மாவும் இருந்த ஒற்றையறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பரா தோட்டத்து நாவிதருடையது. நடுவில் ஒரு மண்சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கமிருந்து 'நூறு வயசு' என்று வாழ்த்தலாம். நாவிதரை அண்ணே என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். "நாவிதன் பொண்டாட்டி ஒனக்கு மதினியாடா?" என்று அம்மா ஏசுவாள். அம்மா ஏசாத நாள் அந்த மலையில் மழை இல்லாத நாளைப் போல, எப்போதாவதுதான் வரும். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மதினி மலையில் கொழுந்தெடுக்கிறவள். ஒல்லி உடம்பு, கறையேறிக் கறுத்த விரல்கள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவளுக்கு வாய் இல்லாத குறைக்குத்தான் எனக்கு அவ்வளவு வாய் போலிருக்கிறது.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்புப் பறை அடிக்கும் முன்பே சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கும். சரக்... சரக்... கொஞ்சம் நிற்கும். மறுபடியும் சரக். அண்ணன்தான் கத்தி தீட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தால், தீட்டுகிறவள் மதினி. அண்ணன் சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்திருந்தார். தொழில்காரர் வீட்டில் பெண்கள் அடைப்பத்தைத் தொடக்கூடாது என்பார்கள். அடைப்பம் என்றால் கத்தி, கல், கிண்ணம் எல்லாம் வைத்திருக்கும் தோல்பை. அதைத் தொட்டது மட்டுமா, அதற்குள்ளிருந்த கத்தியையே அவள் கையில் எடுத்திருந்தாள்.

காரணம் அண்ணனின் கை. வெல்லவாயப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்க் காய்ச்சலோடு வந்தார். காய்ச்சல் விட்டது, கைநடுக்கம் விடவில்லை. "குளிருப்பா. இந்தக் குளிருல யாரு கைதான் நடுங்காது?" என்பார். உச்சி வெயிலிலும் அவருக்கு அதே குளிர்தான். நாங்களும் ஆமாங்க, இந்த வருசம் குளிரு ஜாஸ்திதான் என்போம். வேறு என்ன சொல்வது? கத்தி பிடிக்க முடியாவிட்டால் பெரிய கங்காணி அவரைப் புல்வெட்டுக்கு அனுப்பிவிடுவார். "அதுக்கு என்னையக் குழியில வச்சு மண்ணைத் தள்ளிருங்க" என்று அவர் ஒருநாள் குடித்துவிட்டு அழுதது எனக்கும் கேட்டது, மதினிக்கும் கேட்டது. அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. பரம்பரையாகக் கத்தி பிடித்த கை. அந்தக் கையை எடுத்துவிட்டால் மனிதரிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

மதினி யோசித்தது இதுதான். மழுங்கின கத்தியை அழுத்த வேண்டும். நடுங்குகிற கை அழுத்தினால் கீறிவிடும். கத்தி தன் பாட்டுக்குப் போகிற மாதிரி கூராக இருந்துவிட்டால் கைக்கு வேலையே இல்லை, சும்மா தொட்டால் போதும். ஆகவே அவரைச் சரிசெய்ய முடியாதவள் கத்தியைச் சரிசெய்ய உட்கார்ந்தாள்.

ஆரம்பத்தில் அவள் தீட்டிய லட்சணம் இருக்கிறதே! அரிவாளைக் கல்லில் தீட்டுவதுபோல கத்தியின் கூர்வாயை முன்னால் விட்டு இழுத்தாள். வார் வெட்டுப்பட்டதுதான் மிச்சம். துரையின் குதிரைக்காரனிடம் நான் கெஞ்சி வாங்கிக் கொடுத்த சேணத் தோல் அது. வயிற்றெரிச்சலாக இருந்தது. செங்கல் பொடியைத் தடவிப் பார்த்தாள், கூர் பறந்துவிட்டது. யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் "ஏன், ஒம் புருசனுக்கு என்ன?" என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வளையல் வாங்க வேண்டும் என்று சொல்லி என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பதுளைக்கு நடந்தாள். வளையல் கடைக்கு எதிரில் ஒரு சவரக்கடை இருந்தது. இந்தம்மா வளையலைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்க்கடையைப் பார்க்கிறாள். பார்க்கிறாள், பார்க்கிறாள், கண் இமைக்காமல் பார்க்கிறாள். வளையல்காரன் பொறுமை இழந்து, "ஏம்மா, வளையல் எடுக்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. அவளுக்கு அது காதிலேயே விழவில்லை.

திரும்பும் வழியில் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "கத்தி முதுகுதான் தம்பி முன்னால போகுது. வாய் பின்னால வருது. திருப்புறப்பவும் முதுகு மேலயே பெரட்டித் திருப்புறாரு, வாய் தோலுல படவே மாட்டேங்குது. நான் வாயை முன்னால விட்டுல்ல இழுத்தேன். வாயை முன்னால விட்டா எது உருப்படும், ஒன்னைய மாதிரி."

"நடத்துங்க மதினி, நடத்துங்க. வளையல் எங்க?"

வெறுங்கையைப் பார்த்து வாய்க்குள் சிரித்தாள். வளையலை மறந்தே போயிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள். முதலில் கித்தான் துணியில் துடைப்பது, அப்புறம் தோலில். விளக்குக் கரியில் ஒரு சொட்டு எண்ணெய் குழைத்து வாரில் தடவுவது. குளிர்ந்த வாரை உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றுவது. எல்லாவற்றுக்கும் மேலே, வார் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்த வாரில் தீட்டினால் தோல் வளைந்து வந்து கத்தியின் வாயைத் தடவி உருட்டிவிடும், கூர் போய்விடும். அவளுடைய இடது கை வாரை இழுத்து இழுத்துக் காய்த்துப்போனது. கூரைப் பார்க்க விரலை வைக்க மாட்டாள். தன் தலைமயிர் ஒன்றைப் பிடுங்கித் தொங்கவிட்டு அதில் கத்தியைத் தொடுவாள். மயிர் சத்தமில்லாமல் அறுந்து விழுந்தாலும் "சரி" என்று அவள் வாயில் வராது. "இன்னங் கொஞ்சம் வரணும்" என்றுதான் சொல்வாள். மறுபடியும் சரக்... சரக்.

"இப்பிடியே போனா அண்ணன் கத்தி வைக்காமலே ஒங்க தலை மொட்டையாகப் போகுது" என்று நான் கிண்டல் செய்வேன்.

இன்னொரு வார்த்தையும் அவள் வாயில் ஒட்டிக்கொண்டது. நான் ஸ்டோரில் எவனோடாவது சண்டை போட்டுவிட்டு வந்து கத்தினால், அம்மா கோபத்தில் கதவைச் சாத்தினால், லயத்தில் யாராவது பிள்ளையின் தலையில் ஓங்கிச் சீப்பை வைத்தால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "அழுத்தாத. அழுத்துனா கெட்டுப்போகும்."

அந்தக் கொஞ்ச காலம் அண்ணன் மறுபடியும் மனிதரானார். ஞாயிற்றுக்கிழமை கொய்யா மரத்தடியில் உட்கார்ந்தால் ஆள் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி கன்னம் வழவழவென்று ஆகும், கத்தி பட்டதே தெரியாது. மதினிதான் தீட்டுகிறாள் என்பதும் மெல்ல வெளியே தெரிந்துவிட்டது. அண்ணன் அதையும் கெட்டியாகவே சமாளித்தார். "ராசா தன் கத்தியைத் தானா தீட்டுவாரு? வீட்ல ஆளு இருக்குல்ல!" என்பார். மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. கையிலிருந்து முழங்கைக்கு ஏறியது.

அம்மன் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு நான் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக் கதை பேசிக்கொண்டிருந்தேன். கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. வெந்நீர் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் ரத்தம். காதுக்குக் கீழே தாடை திறந்துகொண்டு நின்றது. அண்ணன் கத்தியைப் பிடித்தபடி உறைந்துபோய் நின்றார். அந்தக் கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"நாந்தாண்ணே தலையை ஆட்டிப்புட்டேன். ஈ ஒன்னு வந்து உக்காந்துச்சு" என்று நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

மதினி படிகாரத்தோடு ஓடிவந்தாள். அதை வைத்துப் பிடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "ரொம்ப வலிச்சுச்சா தம்பி?"

"சத்தியமா இல்ல மதினி. வெட்டுனதே தெரியல."

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவள் முகம் செத்துப்போயிற்று. வலிக்காத அளவுக்கு அந்தக் கத்தியைக் கூராக்கியது யார்? மழுங்கின கத்தியாக இருந்தால் மேலே ஒரு கீறலோடு போயிருக்கும். கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் நான் இன்று இதைச் சொல்ல இருந்திருக்க மாட்டேன்.

திருவிழாவில் பெரிய கங்காணியின் பேரனுக்கு முதல் மொட்டை. அதை அண்ணன்தான் எடுக்க வேண்டும். முதல் மொட்டைக்குத் தோட்டத்து நாவிதரை விட்டு வேறு ஆளைக் கூப்பிட்டால் அது அவருக்குச் சாவுக்குச் சமம். அவரே கத்தி வைத்தால் அந்தப் பிள்ளையின் இளம் மண்டைக்கு என்ன ஆகும்? பெரிய கங்காணியிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று மதினியைக் கேட்டேன். அவள் கத்தியைத் துடைத்து மடக்கிக்கொண்டிருந்தாள்.

திருவிழா அன்று விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தம் எனக்குப் புதிதாக இருந்தது. சரக் இல்லை. தொப்... தொப்... என்று ஈரத்துணியை அடிக்கிற சத்தம். எழுந்து போய் வாசலில் நின்றேன். அண்ணன் குளிக்கப் போயிருந்தார். மதினி வாரை ஆணியில் மாட்டி, நுனியைத் தொய்யவிட்டு, கத்தியை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த கூர்! அதைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. மயிர் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். அது அறவில்லை. கத்தியை மடக்கி அடைப்பத்தில் வைத்தாள்.

கோயிலில் அந்தப் பிள்ளை கத்திய கத்தல் எல்ல மலைக்கே கேட்டிருக்கும். கத்தி இழுத்த இடத்தில் முடி வந்தது, வராத இடத்தில் வரவில்லை. தலை எலி கடித்த தேங்காய் மாதிரி ஆனது. ஆனால் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "என்னப்பா இது, கத்தியா கரண்டியா?" என்று பெரிய கங்காணி கேட்டார். சனம் சிரித்தது. அண்ணன் திரும்பி, அத்தனை பேர் நடுவிலும் மதினியைப் பார்த்துக் கத்தினார்: "மூதேவி, தீட்டத் தெரியலைன்னா சொல்லித் தொலைய வேண்டியதுதானே! எம் மானத்தை வாங்கிட்டியே!"

மதினி கும்பிட்ட கையைப் பிரிக்காமலே, "ஆமாங்க, எங் கை தப்பிருச்சு" என்றாள்.

அன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் தொப் தொப் என்றே கேட்டது. ஒருநாள் பொறுக்க முடியாமல், அண்ணன் வெளியே போயிருந்த நேரத்தில் போய்ச் சண்டை பிடித்தேன். "எதுக்கு மதினி இந்தப் பழி ஒங்களுக்கு? கை போச்சு, இனிமே கத்தி வேணாம்னு நேராச் சொல்லிற வேண்டியதுதானே?"

அவள் வாரைச் சுருட்டி வைத்தாள். "பொண்டாட்டி சரியில்லன்னு எந்த ஆம்பளையாவது செத்திருக்கானா தம்பி? ஏசுவாரு, குடிப்பாரு, ரெண்டு அடி அடிப்பாரு, அப்பறம் சோறு தின்னுட்டுத் தூங்குவாரு. கை சரியில்லன்னு தெரிஞ்சா இந்த மனுசன் விடியிற வரைக்கும் இருக்க மாட்டாரு."

நான் எழுந்து என் காம்பராவுக்கு வந்துவிட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வருவது நின்றது. பக்கத்துத் தோட்டத்து நாவிதரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெரிய கங்காணி அண்ணனைப் புல்வெட்டுக்கு அனுப்பவில்லை. "அவன் என்ன செய்வான், வாய்ச்சவ சரியில்ல" என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டார். தோட்டம் முழுக்க அதே பேச்சுதான். மலையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் அவளோடு நிரையில் நிற்கும்போதே குத்திக் காட்டுவார்கள். அண்ணன் மட்டும் ஞாயிறு தவறாமல் அடைப்பத்தோடு கொய்யா மரத்தடியில் உட்காருவார். கண் தெரியாத சில கிழவர்களும் நானும் போவோம். அந்தக் கத்தியில் சவரம் செய்துகொள்வது என்றால், சாமி, கண்ணில் தண்ணீர் முட்டும். "என்னாப்பா, நல்லாருக்கா?" என்று அண்ணன் கேட்பார். "நல்லாருக்குண்ணே. மதினிதான் இன்னும் கொஞ்சம் ஒழுங்காத் தீட்டலாம்" என்பேன். அதைக் கேட்டால் அவர் முகம் தெளியும். அதற்காகவே சொல்வேன்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. சில நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். சாகிற அன்றுகூட, "இவ மட்டும் ஒழுங்காத் தீட்டியிருந்தா..." என்று யாரிடமோ சொன்னாராம். அது அவளுக்குக் காதில் விழுகிற தூரம்தான். பொழுது சாயும்போது உயிர் போனது.

மறுநாள் காலை என் அம்மாவும் மாரடிக்கப் பக்கத்துக் காம்பராவுக்குப் போய்விட்டாள். நான் ஒற்றையாக உட்கார்ந்திருந்தேன். மதினி உள்ளே வந்தாள். தலைவிரிகோலம். கையில் கத்தி, வார், விளக்குக் கரி.

"அங்க ஆணியில மாட்ட எடமில்ல. அவரு கட்டை கெடக்கு, சனம் உக்காந்திருக்கு. இந்தா தம்பி, இந்த நுனியை இழுத்துப் பிடி."

பிடித்தேன். "இன்னும் இழு" என்றாள். இழுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி. இந்தப் பக்கம், எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, சரக்... சரக்... கறுத்த விரல்கள் முதுகின் மேலேயே கத்தியைப் புரட்டின. அவள் அழவில்லை. அழுதது நான். வாரின் நுனி என் உள்ளங்கையை அறுத்தது. விட்டுவிட்டால் தொய்ந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தேன். கடைசியில் அவள் தலையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கினாள். அது நரைமயிர். கத்தியைத் தொட்டதும் இரண்டாக விழுந்தது.

"சரி" என்றாள். அவள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

குளிப்பாட்டும் முன் செத்தவர் முகத்தை மழிப்பது வழக்கம். பக்கத்துத் தோட்டத்து நாவிதர் வந்து தன் பையைத் திறந்தார். மதினி, "அவரு கத்தியிலயே செய்ங்க" என்று நீட்டினாள். எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். அவர் வேண்டாவெறுப்பாக வாங்கி, தன் முன்கை மயிரில் வைத்துப் பார்த்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடியும் கையில் வைத்துப் பார்த்தார்.

"நானும் எத்தனையோ கத்தி பாத்துட்டேன். இப்பிடி ஒரு கூரை நான் கண்டதில்ல. யாரு தீட்டுனது?"

வாசல் முழுக்க ஆட்கள். பெரிய கங்காணியும் குடையோடு நின்றிருந்தார். எல்லோரும் மதினியைப் பார்த்தார்கள். நான் மனசுக்குள் கெஞ்சினேன். சொல்லு தாயி, இப்பயாவது சொல்லு.

"அவருதான்" என்றாள். "போறதுக்கு முன்னாடி தீட்டி வச்சிட்டுப் போனாரு."

பெரிய கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "தொழில்காரன்யா" என்றார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி மூக்கைச் சிந்திப்போட்டு, எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்: "பாத்தீங்களா? அந்த மனுசனே தீட்டியிருந்தா கடைசி வரைக்கும் ராசாவா இருந்திருப்பாரு. இந்தப் பாவி கையில விட்டுல்ல அவரு பொழப்பு நாசமாப் போச்சு."

அடியே கிழவி என்று எழுந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். மதினி நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அழுத்தாத" என்றாள், மெல்ல. "அழுத்துனா கெட்டுப்போகும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் அண்ணன் கன்னத்தில் கத்தியை வைத்துவிட்டிருந்த பக்கத்துத் தோட்டத்து நாவிதர், தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து, தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"அழுத்தவே வேணாம்மா. தானாப் போகுது."